இடது மார்புக்குக் கரண்ட் பிடித்தால் இதயம் என்னாகும்?

திருக்கோவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் கட்டியை மட்டும் எடுத்தார்கள், பிறகு மருந்து ஏற்றி முடிந்தது. இப்போது மட்டக்களப்பில் 15 நாள் கரண்ட் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். இடது பக்கம் பிடித்தால் இதயம் கருகிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதில் இருந்து அம்மா போகமாட்டேன் என்று நிற்கிறார். சீனி வருத்தமும் இருக்கிறது. என்ன செய்வது?"

தங்கச்சி, கரண்ட் பிடிப்பது என்று நாம் சொல்வது மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான். அம்மா அதைப் பிடிக்கத்தான் வேண்டும். இதயத்துக்குப் பயந்து அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் மாமி சொன்னதை வெறும் கதை என்று தள்ளிவிடவும் மாட்டேன். அதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. நான் பல வருடம் கதிர்வீச்சுப் பிரிவில் ரேடியோகிராபராக நின்றவள், ஊர் கல்லடி. இந்தப் பயத்தோடு வந்த எத்தனையோ அம்மாமாரை மெஷின் கட்டிலில் நானே படுக்க வைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஆறுதலாக வாசித்து, அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

என்னுடைய பெரியம்மாவுக்கு இதே இடது பக்கம்தான். அது கோபால்ட் என்ற பழைய கதிர் மெஷின் மட்டும் இருந்த காலம். சீ.டி. ஸ்கேன் வைத்துத் திட்டம் போடும் வழக்கம் அப்போது இல்லை. எக்ஸ்ரே படத்தையும் உடம்பில் கீறிய கோட்டையும் பார்த்துத்தான் பிடிப்பார்கள். புற்றுநோய் திரும்பி வரவே இல்லை. பதினெட்டு வருடம் கழித்து மாரடைப்பு வந்தது. அதற்குக் கதிர்தான் காரணமா, அவவுடைய பிரஷர் காரணமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் அப்படிப் பிடிக்கப்பட்ட பெண்களிடம் பல வருடம் கழித்து இதய வருத்தம் கூடுதலாக வந்தது உண்மை. ஆய்வுகளில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. மாமி காதுக்கும் அப்படி ஒரு கதைதான் வந்திருக்கும்.

ஏன் இடது பக்கம் என்று பார்ப்போம். இதயம் நெஞ்சின் நடுவில் இருந்து இடது பக்கமாகச் சாய்ந்து, முன் விலா எலும்புக்குக் கிட்டப் படுத்திருக்கிறது. அதன் முன்முகத்தில் ஒரு முக்கியமான இரத்தக்குழாய் மேலிருந்து கீழாக இறங்குகிறது. மாரடைப்பு என்றதும் டொக்டர்மார் முதலில் நினைப்பதில் அந்தக் குழாயும் ஒன்று. இடது மார்புக்குக் கதிர் போகும்போது ஓரத்தில் மாட்டுவது அதுதான். கதிர் பட்ட உடனே எதுவும் கருகாது. குழாயின் உட்சுவர் மெல்லிய காயம் பட்டு, வருடக்கணக்கில் தடித்து, கொழுப்புப் படிவது வேகமாகிறது. அதனால்தான் பாதிப்பு பிந்தி வருகிறது. வலது பக்கம் என்றால் இந்தக் கவலை மிகக் குறைவு.

இப்போது கணக்கு. 2013ஆம் ஆண்டு சுவீடனிலும் டென்மார்க்கிலும் 2,168 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. 1958 தொடக்கம் 2001 வரை கதிர்வீச்சு பெற்றவர்கள் அவர்கள். இதயம் முழுவதுக்கும் சராசரியாகப் போன கதிர் ஒவ்வொரு கிரே கூடும்போதும், மாரடைப்புப் போன்ற பெரிய இதயப் பாதிப்பு 7.4 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. 'இந்த அளவுக்குக் கீழே என்றால் ஆபத்தே இல்லை' என்று சொல்லக்கூடிய எல்லைக் கோடு எதுவும் கிடைக்கவில்லை. முதல் ஐந்து வருடத்துக்குள்ளேயே ஆபத்து கூடத் தொடங்கி, இருபது வருடம் தாண்டியும் நீடித்தது.

இந்த 7.4 என்ற எண்ணைப் பார்த்துத்தான் படித்தவர்களும் பயப்படுகிறார்கள். நூறு பேரில் ஏழு பேருக்கு மாரடைப்பு வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கும் ஆபத்தின் மேல் அந்த வீதத்தில் கூடுகிறது, அவ்வளவுதான். அதே ஆய்வில் ஓர் உதாரணமும் கொடுத்தார்கள். 50 வயதுப் பெண் ஒருவர், வேறு இதய ஆபத்து எதுவும் இல்லாதவர், இதயத்துக்கு 3 கிரே போகிறது என்று வையுங்கள். 80 வயதுக்குள் இதயக்குழாய் அடைப்பால் இறக்கும் வாய்ப்பு 1.9 சதவீதத்தில் இருந்து 2.4 ஆகிறது. ஏற்கெனவே இதய ஆபத்து உள்ளவருக்கு அது 3.4இல் இருந்து 4.1 ஆகிறது. உங்கள் அம்மா சீனி வருத்தக்காரர் என்பதால் இந்த இரண்டாவது கணக்கில்தான் வருவார். ஆயிரம் பேரில் ஏழு பேர் கூடுகிறார்கள். அந்தப் பெண்கள் ஐரோப்பியர். நம்மவர்களுக்கு இதய வருத்தம் இளவயதிலேயே எட்டிப் பார்ப்பதால் தொடக்க எண்ணே கொஞ்சம் மேலே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தராசின் மற்றத் தட்டில் இருப்பது என்ன? கட்டியை மட்டும் எடுத்து மார்பை வைத்துக்கொண்ட 10,801 பெண்களின் தரவை, 17 ஆய்வுகளில் இருந்து ஒன்றுசேர்த்து 2011இல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சு பெறாதவர்களில் பத்து வருடத்துக்குள் நூறுக்கு 35 பேருக்குப் புற்றுநோய் திரும்பியது. பெற்றவர்களில் 19 பேருக்கு. பதினைந்து வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூறுக்கு 25இல் இருந்து 21 ஆகக் குறைந்தார்கள். அதாவது நூறில் நான்கு உயிர். அந்தப் பக்கம் ஆயிரத்தில் ஏழு. இரண்டையும் அம்மா முன் வைத்துப் பாருங்கள். அந்த ஏழையும் இன்னும் குறைக்க முடியும் என்பதுதான் நான் விரிவாகச் சொல்ல வந்த விஷயம்.

குறைப்பது பல கைகள் சேர்ந்து செய்கிற வேலை. முதலில் கதிர் போகும் திசை. நேராக நெஞ்சுக்குள் குத்துவது போல யாரும் இப்போது பிடிப்பதில்லை. மாங்காயின் கன்னத்தைச் சீவி எடுப்பது போல, இரண்டு பக்கத்தாலும் சாய்வாக, மார்பைத் தடவிக்கொண்டு போகும்படி வைப்பார்கள். திட்டமிடும் சீ.டி. ஸ்கேனில் டொக்டர் இதயத்தின் உருவத்தைக் கோடு போட்டுக் குறிப்பார். அதை வைத்து பௌதிகவியலாளர் கணினியில் கணக்குப் போட்டு, இதயத்துக்கு எத்தனை கிரே போகும் என்று சிகிச்சை தொடங்கும் முன்னமே எண்ணாகச் சொல்லிவிடுவார். மெஷின் தலைக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. இதயம் எட்டிப் பார்க்கும் மூலையில் அந்தத் தகடுகளை நீட்டி மறைக்கலாம். கட்டி இருந்த இடம் அந்த மூலைக்கே கிட்ட என்றால் மறைக்க முடியாது, மறைத்தால் நோயையும் சேர்த்து மறைத்தது போலாகும். அது டொக்டரின் தீர்மானம்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்தது, மூச்சு. நீங்கள் இந்த வரியை வாசிக்கும்போதே ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நெஞ்சு முன்னுக்கு எழும்பும். உள்ளே நுரையீரல் காற்றால் நிரம்பி, உதரவிதானம் கீழே இறங்கி, இதயத்தையும் கீழே பின்னே இழுத்துக்கொண்டு போகும். நெஞ்சுச் சுவருக்கும் இதயத்துக்கும் நடுவில் காற்று நிரம்பிய ஓர் இடைவெளி உண்டாகும். அந்த நேரத்தில் மட்டும் கதிரைப் பிடித்தால், கதிர் மார்பைத் தடவிப் போகும், இதயம் பெரும்பாலும் தப்பிவிடும். இதயத்துக்குப் போகும் அளவு பலருக்குப் பாதியாகிவிடுகிறது, சிலருக்கு அதற்கும் கீழே. ஒரு தடவைக்கு 20 செக்கன் அளவில் பிடித்தால் போதும். பிறகு மூச்சை விட்டு ஆறி, மறுபடி பிடிக்கலாம். ஒரு நாளில் சில தடவைகள்.

படுவான்கரைப் பக்கத்தில் இருந்து ஓர் அம்மா வந்தா. அறுபது வயதைத் தாண்டியவ, வயல் வேலை செய்த உடம்பு. மூச்சை இழுங்கோ என்றால் தோள் இரண்டையும் காது வரைக்கும் தூக்குவா, முதுகை வில்லாக வளைப்பா. நெஞ்சுக்குள் காற்றுப் போகாது. பயம் வேறு. இரண்டு நாள் பழக்கியும் சரிவரவில்லை. மூன்றாம் நாள் எனக்குச் சட்டென்று தோன்றியது. "அம்மா, வைகாசிக் குளிர்த்தியில கண்ணகை அம்மனுக்குக் குரவை போடுறதுக்கு முதல் மூச்சு எடுப்பீங்களே, அந்த மூச்சைக் கொஞ்சம் எடுங்கோ" என்றேன். அவ்வளவுதான். தோள் அசையவில்லை, முதுகு கட்டிலை விட்டு எழும்பவில்லை, நெஞ்சு நிறைந்து எழும்பி நின்றது. திரையில் மூச்சைக் காட்டும் கோடு நேராக ஓடியது. 25 செக்கன். எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைத்தானா மனே இரண்டு நாளாக் கேட்டீங்க" என்றா. அதற்குப் பிறகு நம் பக்கத்துப் பெண்களுக்கு நான் வேறு எந்த விளக்கமும் சொன்னதில்லை. காத்தான்குடி உம்மா ஒருவர் மூச்சைப் பிடித்தபடி மனதுக்குள் ஸலவாத் ஓதி நேரத்தைக் கணக்குப் பார்ப்பார். கடல் பக்கத்தவர்களுக்குத் தண்ணீருக்குள் முங்கப் போகும் மூச்சு என்றால் விளங்கிவிடும்.

"இடையில் மூச்சு விட்டுப் போச்சென்றால்?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது. அறைக்குள் அம்மா தனியாகப் படுத்திருந்தாலும் வெளியில் நாங்கள் கமராவில் பார்த்துக்கொண்டே இருப்போம், பேசுவதும் கேட்கும். மூச்சு இறங்கினால் கதிரை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவோம். சில மெஷின்கள் தானாகவே நிறுத்தும்.

இதற்கென்று பல கருவிகள் இருக்கின்றன. வாயில் குழாய் வைத்துக் காற்றை அளப்பது ஒன்று, நெஞ்சின் மேல் சிறு பெட்டியை வைத்து அது ஏறி இறங்குவதைக் கமராவால் பார்ப்பது இன்னொன்று, தோலின் மேற்பரப்பையே ஒளியால் பார்ப்பது வேறொன்று. இவை எல்லாம் எல்லா வைத்தியசாலையிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் பிரித்தானியாவில் ரோயல் மாஸ்டன் வைத்தியசாலையில் ஒரு நல்ல வேலை செய்தார்கள். நோயாளி தானாகவே மூச்சைப் பிடிக்க, தோலில் போட்ட அடையாளம் மெஷினின் லைட்டோடு சேர்ந்து நிற்கிறதா என்று ரேடியோகிராபர் கண்ணால் பார்த்து, கதிரைப் பிடித்தார்கள். விலை கூடிய கருவியோடு ஒப்பிட்டபோது இதயத்தைக் காப்பதில் இது குறையவில்லை. நம்மைப் போன்ற நாட்டுக்கு இது பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். ஆளும் நேரமும் பொறுமையும் இருந்தால் செய்யக்கூடியது.

எல்லோருக்கும் மூச்சுப் பிடிக்கத் தேவையும் இல்லை. சிலருடைய இதயம் இயல்பாகவே கதிர் போகும் பாதைக்கு வெளியே இருக்கும், ஸ்கேனில் தெரிந்துவிடும். இழுப்பு உள்ளவர்களுக்கும் பிடிக்கவே முடியாதவர்களுக்கும் வேறு வழி பார்ப்பார்கள். மார்பு பெரிதாக உள்ள சிலரைக் குப்புறப் படுக்க வைத்துப் பிடிக்கும் முறையும் உண்டு. மார்பு கீழே தொங்கி நெஞ்சை விட்டு விலகும், அதனால் நுரையீரலுக்கும் நல்லது. ஆனால் இதயமும் கொஞ்சம் முன்னுக்கு வரும் என்பதால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

புரோட்டோன் என்ற வேறு வகைக் கதிரால் செய்யும் சிகிச்சை பற்றியும் யாராவது சொல்வார்கள். இலங்கையில் அது இல்லை, சென்னையில் 2019 தொடக்கம் இருக்கிறது. அதற்காகக் காணியை விற்க வேண்டாம், தங்கச்சி. சாதாரண மெஷினில், நல்ல திட்டமும் மூச்சுப் பிடிப்பும் சேர்ந்தால், இதயத்துக்குப் போவது ஒன்று இரண்டு கிரே அளவுக்கு வந்துவிடுவது பலருக்கு நடக்கிற காரியம். அதற்கு மேல் குறைத்துக் கிடைக்கும் இலாபம் சிறிது. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பிடிக்க வேண்டியிருக்கிற சிலருக்கு மட்டும் கணக்கு வேறு. அதை டொக்டரே சொல்வார்.

15 நாள் என்று சொன்னது நல்ல செய்தி. முன்பு ஐந்து வாரம் 50 கிரே கொடுத்தார்கள். இப்போது மூன்று வாரத்தில் 40 கிரே. பிரித்தானிய ஆய்வுகளில் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்து, நோயைத் தடுப்பதில் குறையவில்லை என்று உறுதிப்படுத்தினார்கள். யாராவது "குறைத்துக் கொடுக்கிறார்கள்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, கிளினிக்கில் டொக்டரிடம் என்ன கேட்பது? நம் ஆட்கள் டொக்டருக்கு முன்னால் தலையாட்டிவிட்டு வெளியில் வந்து அழுவார்கள். அப்படிச் செய்யாமல், "டொக்டர், அம்மாவுக்கு இடது பக்கம், சீனியும் இருக்கிறது. இதயத்துக்கு எவ்வளவு போகும்? மூச்சுப் பிடித்துச் செய்ய இங்கே வசதி இருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நாலு கிரேக்குக் கீழே வைக்கப் பல இடங்களில் பார்ப்பார்கள், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வசதி இல்லை, ஆனால் தேவை என்றால், மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பலாமா என்றும் கேட்கலாம். தூரம் என்பது உண்மைதான், ஆனாலும் கேட்பதில் தவறில்லை. நல்ல டொக்டர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். திட்டமிடும் ஸ்கேனுக்கு முதலே கேட்க வேண்டும். மூச்சுப் பிடித்த நிலையிலும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியிருப்பதால், பிறகு கேட்டால் எல்லாம் முதலில் இருந்து தொடங்கும்.

ஏற்றிய மருந்தில் சிவப்பு நிறத்தில் ஒன்று இருந்ததா என்று கிளினிக் கொப்பியைப் பாருங்கள். அந்த வகை மருந்து தனியாகவே இதயத் தசையைப் பலவீனப்படுத்தக் கூடியது. ஹெர்செப்டின் என்ற ஊசி கொடுக்கிறார்கள் என்றால் அதுவும் அப்படித்தான், அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வழக்கம். கடைசியாக எடுத்த எக்கோ ரிப்போர்ட் கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

சீனி வருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அம்மா கதிருக்குப் பயப்படுகிறார், ஆனால் காலையில் சீனி போட்ட பிளேன்டியும் இரவில் மலை போலச் சோறும் அவர் இதயத்துக்குச் செய்வதைக் கதிரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. 7.4 சதவீதம் எதன் மேல் கூடுகிறது என்று மேலே சொன்னேன்: ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல். அந்த அடித்தளத்தைக் குறைத்தால் மேலே கூடுவதும் தானாகக் குறையும். சீனி, பிரஷர், கொழுப்பு மூன்றையும் இப்போதே ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மட்டக்களப்புக்கு வரத் தேவையில்லை, உங்கள் பக்கத்து வைத்தியசாலைக் கிளினிக்கே போதும். வீட்டில் யாராவது சிகரட் குடித்தால் முற்றத்துக்கு வெளியே அனுப்புங்கள். நோயாளியே புகைப்பவர் என்றால் கதிர்வீச்சின் இதய ஆபத்தும் நுரையீரல் ஆபத்தும் பல மடங்கு.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கட்டிலில் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தபடி அசையாமல் படுக்க வேண்டும். ஒப்பரேஷனுக்குப் பிறகு வலிக்குப் பயந்து கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். கை எழும்பாவிட்டால் சரியான நிலைக்குப் படுக்க வைக்க முடியாது, திட்டமே பாழாகும். சுவரில் விரலை வைத்துச் சிலந்தி ஏறுவது போல மேலே ஏற்றும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை தொடங்கினால் இடையில் நாள் விடக் கூடாது. திருக்கோவிலில் இருந்து அக்கரைப்பற்று, கல்முனை தாண்டி தினமும் பஸ்ஸில் வந்து போவது ஒப்பரேஷன் செய்த உடம்புக்கு லேசான காரியம் இல்லை. களுவாஞ்சிகுடிப் பக்கமோ டவுனிலோ சொந்தக்காரர் இருந்தால் மூன்று வாரம் தங்க வையுங்கள். இல்லையென்றால் வார்டில் தங்கிப் பிடிக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். கோயில் சடங்கோ கலியாண வீடோ வருகிறது என்றால் தொடங்குவதற்கு முன்னமே சொல்லிவிட வேண்டும், நடுவில் சொல்லக் கூடாது.

முடிந்த பிறகு, எத்தனை கிரே, எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தை வாங்கி அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து வேறு யாராவது டொக்டரிடம் போகும்போது, "இடது மார்புக்குக் கரண்ட் பிடித்தவ" என்று அம்மா வாயாலே சொல்ல வேண்டும். படி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சு வாங்கல், நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ இறங்கும் வலி வந்தால், வாய்வு என்று இஞ்சி அவித்துக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். சீனி வருத்தக்காரருக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் வியர்வையுமாகக்கூட மாரடைப்பு வரும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசு இல்லாமல் வீட்டுக்கே வரும்.

இன்றிரவு அம்மாவைப் பாயில் நேராகப் படுக்க வையுங்கள். ஒரு கையை அவவுடைய வயிற்றிலும் ஒரு கையை நெஞ்சிலும் வையுங்கள். மூக்கால் மெல்ல இழுக்கச் சொல்லுங்கள், தோளும் முதுகும் அசையக் கூடாது. நீங்கள் பக்கத்தில் இருந்து சத்தமாக எண்ணுங்கள். முதல் நாள் பத்து வந்தாலே போதும், கிளினிக்குக்குப் போகும் நாளில் இருபது வந்துவிடும்.